நூல், ஊசி, சாயம்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: மார்புச் சுற்றளவு 100 செ.மீ. வரும்படி ஸ்வெட்டர் பின்னினேன். குறிப்பில் சொன்ன அதே 4 மி.மீ. ஊசி, அதே கனமுள்ள நூல், அதே 220 கண்ணி (ஊசியில் விழும் பின்னல் வளையம்). துவைத்துக் காயவைத்துப் போட்டுப் பார்த்தால் தொளதொளவென்று தொங்குகிறது. குறிப்பே தவறா?

பதில்: குறிப்பு சரியாகத்தான் இருக்கும். அதை எழுதியவரின் கை வேறு, உங்கள் கை வேறு. குறிப்பின் தொடக்கத்தில் "10 செ.மீ.க்கு 22 கண்ணி" என்று ஒரு வரி இருந்திருக்கும், பலரும் தாண்டிப் போகிற வரி அது. 220 கண்ணி 100 செ.மீ. ஆவது அந்தக் கணக்கில்தான். உங்கள் கை சற்றுத் தளர்வாக இருந்து 10 செ.மீ.க்கு 20 கண்ணிதான் விழுகிறது என்றால், அதே 220 கண்ணி 110 செ.மீ. ஆகிவிடும்.

ஆகவே மாதிரித் துண்டு பின்னாமல் ஸ்வெட்டரைத் தொடங்காதீர்கள். 35 கண்ணி போட்டு, 15 செ.மீ. உயரம் வரை பின்னுங்கள். சின்னத் துண்டு போதாது. ஓரக் கண்ணிகள் எப்போதும் இழுபட்டோ தளர்ந்தோ இருக்கும். நடுவிலுள்ள 10 செ.மீ.யில்தான் எண்ண வேண்டும். அரைக் கண்ணி வந்தால் அதையும் சேர்த்து எண்ணுங்கள். 20½ கண்ணியை 20 என்று எழுதிக்கொண்டால் 220 கண்ணியில் ஏறத்தாழ 3 செ.மீ. பிசகும்.

எண்ணுவதற்கு முன் அந்தத் துண்டைத் துவைத்துக் காயவைக்க வேண்டும். இதைத்தான் பெரும்பாலோர் செய்வதில்லை. ஊசியிலிருந்து இறக்கிய துணி கை இழுத்த இழுப்பில் இருக்கிறது. தண்ணீரில் ஊறி எழுந்த பிறகுதான் ஒவ்வொரு கண்ணியும் தன் இயல்பான அளவுக்கு வரும். இயந்திரத்தில் துவைக்கலாம் என்று விற்கப்படும் கம்பளி நூலில் இது இன்னும் முக்கியம். இழையின் மேலுள்ள செதில்களை மழுங்கடித்துப் பதப்படுத்திய நூல் அது. செதில்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாததால் ஈரத்தில் துணி நன்றாகவே நீளும். உங்கள் நூலும் அந்த ரகம் என்றால், ஈர ஸ்வெட்டரைக் கொடியில் தொங்கவிட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம். அப்படியானால் மறுபடி நனைத்து, துவாலையில் சுருட்டிப் பிழிந்து, அளவுக்குக் கூட்டிவைத்துத் தட்டையாகக் காயப்போட்டுப் பாருங்கள்.

மாதிரித் துண்டில் கண்ணி குறைவாக வந்தால் 3.5 மி.மீ. ஊசிக்கு இறங்குங்கள், கூடுதலாக வந்தால் 4.5-க்கு ஏறுங்கள். "இறுக்கிப் பின்னிக்கொள்கிறேன்" என்று கையைத் திருத்தப் பார்ப்பது பலன் தராது. பத்து வரிசையில் கை தன் பழக்கத்துக்குத் திரும்பிவிடும். இன்னொன்று: ஸ்வெட்டரை வட்ட ஊசியில் சுற்றிச் சுற்றிப் பின்னப் போகிறீர்கள் என்றால் மாதிரியையும் அப்படியே பின்னுங்கள். பலருக்கு பர்ல் கண்ணி (முகப்பில் மேடாகத் தெரிவது) நிட் கண்ணியைவிட (முகப்பில் V போலத் தெரிவது) தளர்வாக விழும். வட்டப் பின்னலில் பர்ல் வரிசையே வராது என்பதால் அளவு மாறிவிடும்.

கேள்வி: மஃப்ளர் முழுவதும் ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல். பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் இருபக்கமும் சுருண்டு குழாய் மாதிரி ஆகிவிடுகிறது. இஸ்திரி போட்டால் சரியாகுமா?

பதில்: ஆகாது. அந்தப் பின்னலின் குணமே அதுதான். உங்கள் கையில் குறை இல்லை. வளைத்துப் பிடித்த நூல் ஒவ்வொன்றும் நிமிரப் பார்க்கிறது. எல்லாக் கண்ணியும் ஒரே முகமாக இருப்பதால் அந்த இழுப்பு எல்லாம் ஒரு பக்கமே சேர்கிறது. பக்க ஓரங்கள் பின்னோக்கியும், மேல் கீழ் ஓரங்கள் முன்னோக்கியும் சுருளும். நனைத்துக் குண்டூசி குத்திக் காயவைத்தால் சில நாள் அடங்கும், பிறகு பழையபடிதான். நூல் அக்ரிலிக் என்ற செயற்கை இழை என்றால் இஸ்திரிப் பெட்டியை அருகில்கூடக் கொண்டுபோகாதீர்கள். சூடு பட்டதும் இழை தொய்ந்து, துள்ளலை இழந்து, பளபளவென்று தட்டையாகிவிடும். அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

அடுத்த முறை இரு பக்கமும் ஆறு கண்ணிகளை எல்லா வரிசையிலும் நிட்டாகவே போடுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் எட்டு வரிசை அதே மாதிரி. இரண்டு மூன்று கண்ணி பார்டர் போதாது. பார்டரோடு சேர்ந்தே சுருளும். என்னைக் கேட்டால் மஃப்ளருக்கு இந்தப் பின்னலே வேண்டாம். இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று மாற்றி மாற்றி வரும் ரிப் பின்னல் இருபுறமும் ஒரே மாதிரி தெரியும், சுருளாது, கழுத்தில் படிந்தும் நிற்கும்.

கேள்வி: 30 கண்ணியில் தொடங்கினேன். இருபது வரிசை போவதற்குள் 37 ஆகிவிட்டது. நான் எங்கும் கூட்டவில்லையே?

பதில்: வரிசையின் முதல் கண்ணியைப் பாருங்கள். நூலை ஊசிக்கு மேலாகப் பின்னுக்கு இழுத்தால் அந்த ஒரு கண்ணியின் இரண்டு காலும் மேலே ஏறி, இரண்டு கண்ணி போலத் தெரியும். நீங்களும் இரண்டாகவே பின்னிவிடுவீர்கள். நூல் முன்பக்கம் கீழே தொங்கட்டும், பிறகு ஊசிக்கு அடியாகப் பின்னுக்குக் கொண்டுபோங்கள். ஓரத்தில் அல்லாமல் நடுவில் கூடியிருந்தால், அங்கே சின்ன ஓட்டை தெரியும். பர்லிலிருந்து நிட்டுக்கு மாறும்போது நூலைப் பின்னுக்குத் தள்ள மறந்த இடம் அது.

கேள்வி: ஒரு கண்ணி நழுவி, பன்னிரண்டு வரிசை கீழே ஏணி மாதிரி இறங்கிவிட்டது. எல்லாவற்றையும் பிரிக்க வேண்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். முதல் வேலையாக, நழுவிய கண்ணியில் ஒரு ஊக்கை மாட்டுங்கள், மேலும் இறங்காது. பிறகு அந்த இடம் வரை பின்னி வந்து நிறுத்துங்கள். துணியின் நிட் முகம் உங்களைப் பார்த்து இருக்கட்டும். நூலின் கனத்துக்கு ஏற்ற குரோஷா ஊசி ஒன்றை எடுத்து, ஊக்கில் இருக்கும் கண்ணிக்குள் முன்னிருந்து பின்னாக நுழையுங்கள். கண்ணிக்கு நேர் மேலே, பின்பக்கமாக, ஏணிப்படி போலக் குறுக்கே ஒரு நூல் கிடக்கும். அதைக் கொக்கியில் மாட்டி, கண்ணி வழியாக முன்னே இழுங்கள். பழைய கண்ணி கீழே விழுந்து, புதிய கண்ணி ஊசியில் நிற்கும். அடுத்த படி, அதற்கடுத்த படி என்று பன்னிரண்டும் ஏறி, கடைசிக் கண்ணியை முறுக்கிக்கொள்ளாமல் இடது ஊசியில் மாட்டிவிடுங்கள்.

கவனிக்க வேண்டியது ஒன்றே: படிகளை வரிசை மாறாமல் எடுக்க வேண்டும். ஒரு படியைத் தவறவிட்டால் பின்பக்கம் ஒரு தளர்ந்த நூல் துருத்திக்கொண்டு நிற்கும். சரிசெய்த நிரை முதலில் கோணலாகத்தான் தெரியும். இரு பக்கத்துக் கண்ணிகளையும் ஊசி முனையால் லேசாக இழுத்துவிட்டு, ஒரு முறை துவைத்தால் அடையாளமே தெரியாது.

கேள்வி: கையிலுள்ள நூல் ஒரு வரிசைக்குப் போதுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: சமையலறைத் தராசு போதும். நூல் உருண்டையை நிறுத்து எழுதிக்கொண்டு பத்து வரிசை பின்னுங்கள், மறுபடி நிறுங்கள். 6 கிராம் குறைந்திருந்தால் ஒரு வரிசைக்கு 0.6 கிராம். கண்ணிகளை மூடி முடிக்கத் துணியின் அகலத்தைப்போல் நான்கு மடங்கு நூலை ஒதுக்கிவையுங்கள்.

கேள்வி: தக்ளியில் (கையால் சுழற்றும் நூற்புக் கதிர்) நூற்கப் பழகுகிறேன். நிமிடத்துக்கு ஒரு முறை நூல் அறுந்து தக்ளி தரையில் விழுகிறது. பஞ்சு மோசமா, தக்ளி மோசமா?

பதில்: அறுந்த முனையைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பாருங்கள். முனை கூராக, மயிர் மயிராகப் பிரிந்து இருந்தால் முறுக்கு போதவில்லை. இழைகள் ஒன்றையொன்று பிடிப்பதற்கு முன் வழுக்கிப் பிரிந்துவிட்டன. முனை சுருண்டு கட்டையாக இருந்தால் முறுக்கு மிஞ்சிவிட்டது. பழகுகிறவர்களுக்குப் பெரும்பாலும் முதல் வகைதான் நடக்கும். அதற்கும் வழக்கமான காரணம், தக்ளி சுழன்று ஓய்ந்து, எதிர்த்திசையில் திரும்பிச் சுழலத் தொடங்குவதைக் கவனிக்காமல் விடுவது. ஏறிய முறுக்கு அந்தச் சில நொடியில் இறங்கிவிடும். கண் பஞ்சின் மேலேயே இருந்தால் இது தெரியாது.

எனவே சுற்றுவதையும் இழுப்பதையும் தனித்தனியாகச் செய்யுங்கள். தக்ளியைச் சுழற்றி நூலில் நிறைய முறுக்கு ஏற்றுங்கள். பிறகு தக்ளியை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கி நிறுத்திவிடுங்கள். கீழ்க் கையின் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் நூலை இறுகப் பிடித்து, முறுக்கு மேலே ஏறாமல் தடுக்கட்டும். மேல் கை பஞ்சைத் தளர்வாகப் பிடித்து மெல்லப் பின்னுக்கு நகரட்டும். இரண்டு கைக்கும் நடுவில் இழைகள் முக்கோணமாக விரிந்து மெலிவது தெரியும். வேண்டிய அளவு மெலிந்ததும் கீழ்க் கையின் பிடியை விட்டு மேலே சறுக்குங்கள். முறுக்கு குபுக்கென்று ஏறி, கலைந்து கிடந்த பஞ்சு கண்ணெதிரே நூலாகும். இது கைக்கு வந்தபின் தக்ளியைத் தொங்கவிட்டு நூற்கலாம்.

கைகளுக்கு நடுவிலுள்ள தூரம் இழையின் நீளத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். இரு கையும் ஒரே இழையின் இரு முனையைப் பிடித்திருந்தால், எவ்வளவு பலமாக இழுத்தாலும் நகராது. "பஞ்சு வரமாட்டேன் என்கிறது" என்ற புகாருக்கு இதுவே காரணம். கைகளைத் தள்ளிப் பிடியுங்கள், வெண்ணெய் போல வரும்.

பழகுவதற்குப் பருத்தியைவிடச் சீவிய கம்பளி எளிது. கம்பளி இழை 7–10 செ.மீ. நீளம் இருக்கும், செதில்களும் இருப்பதால் ஒன்றோடொன்று பற்றும். பருத்தி இழை 2.5–3 செ.மீ.தான், வழவழப்பும் அதிகம், முறுக்கு நிறைய வேண்டும். கம்பளிக்கு 30–40 கிராம் எடையுள்ள தக்ளி சரி. அதே தக்ளியைப் பருத்தி நூலில் தொங்கவிட்டால் எடையே நூலை அறுத்துவிடும். பருத்திக்கு மெல்லிய தக்ளியாக எடுத்து, அதன் அடிமுனையைச் சின்னக் கிண்ணத்தில் ஊன்றிச் சுழற்றுங்கள். நூல் எடை தாங்க வேண்டியிருக்காது.

கேள்வி: நானே நூற்ற ஒற்றை நூலில் ஒரு சதுரம் பின்னினேன். சதுரம் சாய்சதுரமாக வந்திருக்கிறது. கண்ணி எண்ணிக்கை சரியாகவே இருக்கிறது.

பதில்: நூலில் மிச்சமிருக்கும் முறுக்குதான் துணியைச் சாய்க்கிறது. ஒற்றை இழை நூல் எப்போதும் தன்னைப் பிரித்துக்கொள்ளப் பார்க்கும். ஒவ்வொரு கண்ணியும் அந்தத் திசையில் கொஞ்சம் திரும்பும். இரண்டு இழைகளைச் சேர்த்து, நூற்றதற்கு எதிர்த்திசையில் முறுக்கினால் ஒன்றின் இழுப்பை மற்றொன்று சமன் செய்யும். வலமாக நூற்றிருந்தால் இடமாக முறுக்குங்கள்.

எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதற்கு நூலே அளவுகோல். புதிதாக நூற்ற நூலில் ஒரு முழம் எடுத்து நடுவில் மடித்துத் தொங்கவிட்டால், தானாகவே முறுக்கிக்கொண்டு இருபுரி நூலாக நிற்கும். அந்தத் துண்டை அட்டையில் சுற்றி வைத்துக்கொண்டு, அதைப் பார்த்தே முறுக்குங்கள். நூற்ற உடனே இந்த மாதிரியை எடுத்துவிட வேண்டும். தக்ளியில் ஒரு இரவு கிடந்த நூலின் முறுக்கு உறங்கிப்போயிருக்கும். அதை மடித்துப் பார்த்தால் குறைவாகக் காட்டி ஏமாற்றும்.

முறுக்கிய நூலைச் சிட்டமாக (தளர்ந்த வளையக் கட்டாக) சுற்றி, 40 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் ஊறவையுங்கள். கசக்க வேண்டாம். துவாலையில் சுருட்டி நீரை ஒற்றி எடுத்து, இரு கையிலும் மாட்டி இரண்டு மூன்று முறை சுண்டி இழுத்துவிட்டு, எடை எதுவும் கட்டாமல் தொங்கவிடுங்கள். எடை கட்டினால் நூல் அப்போதைக்கு நேராகக் காயும், துணியான பிறகு முதல் துவையலிலேயே பழைய முறுக்கு எழுந்துவிடும். ஏற்கெனவே நூற்று வைத்த ஒற்றை நூலை வீணாக்க வேண்டாம். எல்லா வரிசையும் நிட்டாக வரும் பின்னலில் போட்டால் சாய்வு பெரும்பாலும் தெரியாது.

கேள்வி: கம்பளிச் சாயத்தில் கம்பளி நூல், பருத்தி நூல், பெயர் தெரியாத ஒரு நூல் மூன்றையும் ஒன்றாகப் போட்டேன். கம்பளி மட்டும் அடர் சிவப்பு. பருத்தி லேசாக அழுக்குப் பட்டது போல் இருக்கிறது. மூன்றாவதில் ஒன்றுமே இல்லை.

பதில்: கம்பளி, பட்டு இரண்டும் புரத இழைகள்; அமிலம் கலந்த சூட்டில் சாயத்தைப் பற்றிக்கொள்ளும். நைலானும் அப்படியே பற்றும். பருத்தி செல்லுலோஸ், அதற்கு ரியாக்டிவ் சாயம் வேண்டும், அதுவும் சலவை சோடா போட்ட காரநீரில், கொதிக்கவைக்காமல். அந்தக் காரம் கம்பளியைக் கெடுக்கும். ஆகவே இரண்டையும் ஒரே பாத்திரத்தில் போட ஆசைப்பட வேண்டாம். மூன்றாவது அக்ரிலிக்காக இருக்கலாம். அது இந்த இரண்டு சாயத்தையும் ஏற்காது. சந்தேகம் இருந்தால் ஒரு விரல் நீள நூலை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே தீயில் காட்டுங்கள். முடி கருகும் வாசனையும் நொறுங்கும் கரியும் வந்தால் கம்பளி. காகிதம் போல எரிந்து மெல்லிய சாம்பலானால் பருத்தி. உருகி, கெட்டியான கறுப்பு மணியானால் செயற்கை இழை.

100 கிராம் உலர்ந்த கம்பளி நூலுக்கு 1 கிராம் சாயத்தூள் நடுத்தர நிறம் தரும். அடர் நிறத்துக்கு 2 முதல் 3 கிராம். 3 கிராம் சிட்ரிக் அமிலம். நூலை முன்னதாக அரை மணி நேரமாவது தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். உலர்ந்த நூலுக்குள் காற்று இருக்கும். சாயம் நுழையாத இடம் திட்டுத் திட்டாகத் தெரியும். சிட்டத்தைக் கட்டிய கயிறும் தளர்வாக இருக்கட்டும். இறுக்கிக் கட்டிய இடம் வெள்ளையாகவே நிற்கும். சூட்டை மெதுவாக 85–90 டிகிரிக்குக் கொண்டுபோய், அரை மணி நேரம் அப்படியே வைத்து, அடுப்பை அணைத்து, அதே நீரில் ஆறவிடுங்கள். சாயம் முழுவதும் நூலுக்குள் போய்விட்டால் நீர் தெளிந்து நிற்கும். அவசரப்பட்டுச் சூடான கம்பளியைக் குளிர்ந்த நீரில் அலசினாலோ, கொதிக்கும்போது கிளறினாலோ, செதில்கள் கோத்துக்கொண்டு சிட்டமே ஒரு கயிறாக இறுகிவிடும். பிறகு பிரிக்க வழி இல்லை.

தூளைக் கரைக்கும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். ரியாக்டிவ் சாயத் தூளை அடிக்கடி சுவாசித்தால் ஒவ்வாமையும் மூச்சுத்திணறலும் வரலாம்.

கேள்வி: மஞ்சள் தூளில் சாயமிட்ட நூல் ஒரே மாதத்தில் வெளுத்துவிட்டது. இயற்கைச் சாயமே நிற்காதா?

பதில்: நன்றாக நிற்பவை பல உண்டு, மஞ்சள் தூள் நிற்காது. அது எதுவும் சேர்க்காமலே நூலில் ஏறிவிடும், வெயில் பட்டால் அதே வேகத்தில் போய்விடும். சோப்பின் காரம் பட்டால் செம்பழுப்பாகத் திரும்பும் குணமும் உண்டு. மஞ்சள் நிறம் வேண்டுமென்றால் மாதுளைத் தோலைப் பயன்படுத்துங்கள்.

சாயம் நிலைக்க நூலுக்கும் சாயத்துக்கும் நடுவில் ஒரு பிடிப்பு வேண்டும். அதைத்தான் நிறமூன்றி என்கிறோம். வீட்டுக்குப் படிகாரம் போதும். 100 கிராம் கம்பளிக்கு 12 கிராம் படிகாரம், 6 கிராம் க்ரீம் ஆஃப் டார்ட்டர். ஒரு மணி நேரத்தில் மெல்ல 85 டிகிரிக்கு ஏற்றி, இன்னொரு மணி நேரம் வைத்து, இரவு முழுதும் ஆறவிடுங்கள். கூடப் போட்டால் கூட நிற்கும் என்று நினைத்து அள்ளிப் போட்டால் கம்பளி பிசுபிசுக்கும்.

பருத்தி படிகாரத்தை நேரடியாகப் பிடித்துக்கொள்ளாது. முதலில் சலவை சோடா போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து மெழுகையும் எண்ணெயையும் நீக்க வேண்டும். வெள்ளை நூலிலிருந்து தேநீர் நிற நீர் இறங்குவதைப் பார்த்தால் இது ஏன் தேவை என்று புரியும். அடுத்து, 100 கிராம் நூலுக்கு 20 கிராம் கடுக்காய்த் தூள் கரைத்த நீரில் ஓர் இரவு. பிறகு 25 கிராம் படிகாரமும் 6 கிராம் சலவை சோடாவும் கலந்த நீரில் இன்னோர் இரவு. சோடா சேர்க்கும்போது பொங்கும். பெரிய பாத்திரமாக எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள்.

இதன்பின் மஞ்சிட்டி வேர்ச் சாயத்தில் போட்டால் சிவப்பு வரும். ஆனால் 70 டிகிரியைத் தாண்டவிடக் கூடாது. தாண்டினால் வேரிலுள்ள பழுப்பு நிறமும் கூடவே இறங்கிச் சிவப்பை மங்கவைக்கும். எந்தச் சாயமானாலும், அட்டையில் சுற்றிய நூலில் பாதியைக் காகிதத்தால் மூடி, இரண்டு வாரம் வெயில் படும் சன்னலில் வையுங்கள். ஸ்வெட்டருக்கு ஆகுமா ஆகாதா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: அவுரி நீலத்தில் தோய்த்த நூலைப் பின்னும்போது விரலெல்லாம் நீலமாகிறது. படிகாரம் போடாததாலா?

பதில்: அவுரிக்கு நிறமூன்றியே தேவையில்லை. நீலமாக இருக்கும்போது அது தண்ணீரில் கரையாது. தொட்டியில் ஆக்சிஜனை நீக்கி, அதைக் கரையும் வடிவத்துக்கு மாற்றுகிறோம். அந்த வடிவத்தில் நூலுக்குள் போய், காற்றுப் பட்டதும் உள்ளேயே மறுபடி நீலமாகிச் சிக்கிக்கொள்கிறது. தொட்டி சரியாகத் தயாராகாமல் தோய்த்தால் கரையாத நீலத்துகள் நூலின் மேல் வெறுமனே படியும். விரலில் ஒட்டுவது அதுதான்.

அவுரித் தூள் 1 பங்கு, நீற்றுச் சுண்ணாம்பு 2 பங்கு, ஃப்ரக்டோஸ் (பழச்சர்க்கரை) 3 பங்கு என்பது வீட்டுக்கு ஏற்ற கலவை. வெந்நீரில் கலக்கிவிட்டுக் காத்திருங்கள். மேலே செம்பு நிற ஏடு மினுக்க வேண்டும். ஏட்டை ஒதுக்கினால் அடியில் நீர் மஞ்சள் கலந்த பச்சையாகத் தெரிய வேண்டும். நீர் இன்னும் நீலமாகத் தெரிந்தால் நூலை இறக்காதீர்கள். நனைத்துப் பிழிந்த நூலைக் காற்றுக்குமிழி இல்லாமல் மெதுவாக இறக்கி, ஐந்து நிமிடத்தில் எடுத்து, கால் மணி நேரம் காற்றாட விடுங்கள். பச்சையாக வெளிவந்த நூல் கைக்குள்ளேயே நீலமாக மாறுவதைப் பார்க்கலாம். அடர்நீலம் வேண்டுமென்றால் ஒரே முறை நீண்ட நேரம் ஊறவைக்காமல், ஆறேழு முறை தோய்த்தெடுங்கள். ஈரத்தில் எப்போதும் அடர்த்தியாகத் தெரியும், காய்ந்தபின் ஒரு படி வெளிறும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஒரு நாள் முழுதும் காற்றில் விட்டு, கொஞ்சம் வினிகர் விட்ட நீரில் அலசிச் சுண்ணாம்பை நீக்கி, பிறகு காரமில்லாத சோப்பில் நீர் தெளியும்வரை துவையுங்கள். உங்கள் நூலுக்கும் இந்தத் துவையல் மருந்துதான். பருத்தியானால் சூடான நீரிலேயே துவைக்கலாம்.

கேள்வி: சாயம் காய்ச்சிய எவர்சில்வர் பாத்திரத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவிச் சமையலுக்கு எடுக்கலாமா?

பதில்: கூடாது. படிகாரத்துக்கும் வெங்காயச் சருகுக்கும்கூடத் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, தனி வடிகட்டி வைத்துக்கொள்ளுங்கள். எவர்சில்வரே நல்லது, இரும்புப் பாத்திரம் சாயத்தைக் கறுக்கச் செய்யும். பழைய குறிப்புகளில் நிறமூன்றியாகக் குரோமியம் உப்பைச் சொல்லியிருந்தால் அதை விட்டுவிடுங்கள், அது நஞ்சு. மூடியில் "சாயம்" என்று பெயின்ட்டில் எழுதி, சமையலறைக்கு வெளியே வையுங்கள்.